ரொட்டியில் பொம்மை வந்துவிட்டதா? பிப்ரவரி 2-க்குள் தமால் விருந்து வைக்க ஒரு வழிகாட்டி

மெக்சிகோவில் மூன்று அரசர் திருநாளான ஜனவரி 6 அன்று மாலை, அலுவலகத்தில் எல்லோரும் ஒரு பெரிய வளைய ரொட்டியைச் சுற்றி நிற்பார்கள். கத்தியை உங்கள் கையிலும் கொடுத்து ஒரு துண்டு வெட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கத்தி எதிலோ முட்டும். துண்டைப் பிளந்தால் பாதிச் சுண்டுவிரல் அளவில் வெள்ளை பிளாஸ்டிக் குழந்தை ஒன்று படுத்திருக்கும். கைதட்டல் எழும். ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று நீங்களும் சிரிப்பீர்கள்.

மெக்சிகோ நகரத்துக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் ஆண்டு நானும் அப்படித்தான் சிரித்தேன். அது பரிசு இல்லை, கடன் சீட்டு. ரோஸ்கா தே ரேயெஸ் என்ற அந்த ரொட்டியில் பொம்மையைக் கண்டெடுத்தவர், பிப்ரவரி 2 அன்று வரும் கந்தெலாரியா திருநாளில் மற்ற எல்லோருக்கும் தமால் வாங்கிப் போட வேண்டும். நடுவில் 27 நாள்தான் இருக்கிறது. எனக்கு இந்த விவரம் புரிந்தபோது ஜனவரி 30. அடுத்த மூன்று நாள் நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமால் என்பது சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில் கொழுப்பைச் சேர்த்து அடித்து, நடுவில் பூரணம் வைத்து, சோளக் கதிரை மூடியிருக்கும் மடலில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. காரக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடலைச் சாப்பிடக்கூடாது, உரித்துப் போட வேண்டும். (உங்கள் மொழி தமிழ் என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு முறை தமிழ்–தமால் நகைச்சுவையைச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோல் சிரித்துவிடுவது நல்லது.)

1. கடனாளிகளின் பட்டியலை அன்றே எடுங்கள்

சிறிய ரோஸ்காவில் ஒன்றிரண்டு பொம்மை இருக்கும். அலுவலகத்துக்கு வாங்கும் நீளமான ரோஸ்காவில் எட்டு, பத்துகூட இருக்கும். கண்டெடுத்த அத்தனை பேரும் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் பொம்மையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் காபி குடிப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. சிலர் அதை அப்படியே ரொட்டிக்குள் திணித்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

அதனால் அந்த நேரத்திலேயே, பொம்மையைக் கையில் பிடித்தபடி எல்லோரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே ஆவணம் அந்தப் படம்தான். ஜனவரி கடைசியில் பணம் கேட்கும்போது "நானா?" என்பவருக்கு அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் இல்லாமல் ஒரு குடும்பத்தின் வீட்டில் உங்களுக்குப் பொம்மை வந்திருந்தால், கடமை கொஞ்சம் கூடுதல். பொம்மை குறிப்பது குழந்தை இயேசுவை என்பதால், நீங்கள் அந்த வீட்டுக் குழந்தை இயேசு சிலைக்குப் பத்ரீனோ, அதாவது ஞானத்தந்தை போன்றவர். சிலைக்குப் புத்தாடை வாங்கி உடுத்தி, பிப்ரவரி 2 அன்று தேவாலயத்துக்கு எடுத்துப்போவது வழக்கம். ஆடைக்கு நகரின் பழைய மையத்தில் லா மெர்செத் சந்தைக்கு அருகிலுள்ள தலவேரா தெருவுக்குப் போங்கள். ஜனவரி முழுவதும் அங்கே அதுதான் வியாபாரம். எந்த உடை என்று வீட்டின் மூத்த பெண்மணியிடம் கேட்காமல் வாங்காதீர்கள். சில வீடுகளில் இத்தனையாவது ஆண்டுக்கு இந்த உடை என்ற கணக்கே உண்டு.

2. எந்த நாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிப்ரவரி 2 என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிப்ரவரி முதல் திங்கள்கிழமை அரசியலமைப்பு தினத்துக்கான விடுமுறை. 2026-இல் அந்தத் திங்களும் பிப்ரவரி 2-ஆம் தேதியும் ஒரே நாள். அப்படி வரும்போதும், 2 சனி ஞாயிறில் விழும்போதும், அலுவலகத் தமாலிசா (தமால் விருந்துக்கு இங்கே அதுதான் பெயர்) முந்தைய வெள்ளிக்கோ அடுத்த செவ்வாய்க்கோ நகரும்.

எது என்று ஜனவரி 10-க்குள் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். வெள்ளி என்றால் உங்களுக்குக் கூட்டம் குறைவு, விலையும் இயல்பாக இருக்கும். செவ்வாய் என்றால் கடைக்காரர்கள் திருநாள் களைப்பில் கடையே திறக்காமல் இருக்கலாம். இரண்டில் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளியைச் சொல்லுங்கள்.

3. எத்தனை, எவ்வளவு

ஆளுக்கு இரண்டு என்பது அடிப்படைக் கணக்கு. காலை உணவுக்குப் பதிலாகச் சாப்பிடுபவர்கள் மூன்று எடுப்பார்கள், வீட்டுக்கு ஒன்று பையில் போடுபவர்களும் உண்டு. ஆள் கணக்கை இரண்டரையால் பெருக்குங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் கணக்கு இது: 30 பேர், 75 தமால், ஒன்று 22 பேசோ வீதம் 1,650. எட்டு லிட்டர் அதோலே 400. காகிதத் தட்டு, கோப்பை, துடைப்பான் 110. மொத்தம் 2,160, நான்கு கடனாளிகளுக்கு ஆளுக்கு 540 பேசோ. உங்கள் பேட்டையைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். தள்ளுவண்டியில் வாங்குவதற்கும் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் வாங்குவதற்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் பார்த்திருக்கிறேன். சுவையில் அந்த வித்தியாசம் இல்லை. பல நேரம் வண்டிக்காரம்மாவினுடையதுதான் மேல்.

அதோலேயை மறக்காதீர்கள். சோளமாவை நீரிலோ பாலிலோ கரைத்து, வெல்லமும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய கூழ் அது. சாக்லேட் சேர்த்தால் அதன் பெயர் சம்புர்ராதோ. அதோலே இல்லாத தமால் விருந்து இங்குள்ளவர்களுக்குச் சட்னி இல்லாத இட்லிபோல. முதல் ஆண்டு நான் குளிர்பானம் வாங்கி வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூத்த சக ஊழியர் ஒருவர் மெல்ல எழுந்துபோய்த் தன் காசில் நான்கு லிட்டர் அதோலே வாங்கி வந்தார். அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது.

வகைகளைக் கலந்து சொல்லுங்கள். பச்சைச் சாந்தில் கோழி, சிவப்புச் சாந்தில் பன்றி, மிளகாயும் மசாலாவும் அரைத்த மோலே சாந்தில் கோழி, மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும் வைத்த ராஹாஸ், இளஞ்சிவப்பு நிறத்தில் உலர்திராட்சை போட்ட இனிப்பு. இவை எங்கும் கிடைக்கும். முதலில் தீர்வது பச்சை. இனிப்பு எப்போதும் மிஞ்சும். பத்துக்கு ஒன்று இனிப்பு போதும். வாழையிலையில் தட்டையாக மடித்த ஓவாஹாக்கா வகை அளவில் பெரியது, விலையும் கூடுதல். அதை எடுத்தால் ஆளுக்கு ஒன்றரை என்று கணக்கிடுங்கள்.

4. மாவில் என்ன கொழுப்பு என்று கேளுங்கள்

சைவம் உண்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

என்னோடு வேலை செய்யும் கோயம்புத்தூர்த் தோழி முட்டைகூடத் தொடமாட்டாள். வந்த நாள் முதல் அலுவலக வாசலில் ராஹாஸ் தமால்தான் அவளுக்குக் காலை உணவு. மிளகாய், பாலாடைக்கட்டி, சோளம். இதில் என்ன பயம்? ஆறு மாதம் கழித்து ஒரு நாள், தமால் விற்கும் அம்மா மாவு பிசைவதைத் தோழி பார்த்துவிட்டாள். பாத்திரத்தில் வெண்ணெய்போல் வெளேரென்று இருந்தது பன்றிக் கொழுப்பு. பிசையும் நீர் கோழி வேகவைத்த சாறு. அன்று அவள் மதியச் சாப்பாட்டையும் தொடவில்லை.

பூரணம் எதுவானாலும் மாவு ஒன்றுதான். ராஹாஸிலும் இனிப்பிலும்கூடப் பெரும்பாலும் அதே பன்றிக் கொழுப்புதான் இருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி இது: "லா மாசா யேவா மந்தேகா தே புவெர்கோ?" மாவில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று பொருள். அடுத்து, "யேவா கால்தோ தே போயோ?" கோழிச்சாறு உண்டா?

இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, மந்தேகா என்றால் கொழுப்பு, மந்தெகீயா என்றால் வெண்ணெய். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். "மந்தெகீயாதானே?" என்று நீங்கள் கேட்டு, அவர் "ஆமாம், மந்தேகா" என்று சொல்லி, இருவரும் திருப்தியாகப் பிரிந்துவிடுவீர்கள். இரண்டாவது, "கார்னே இல்லை" என்ற பதில். கார்னே என்றால் இறைச்சி, ஆனால் பலருக்கு அது மாடும் பன்றியும் மட்டும்தான். கோழி அந்தக் கணக்கில் வராது, கொழுப்பும் வராது. மூன்றாவது, "வெஹெத்தாரியானோ" (சைவம்) என்று கடைப் பலகையில் எழுதியிருப்பது. அது சில இடங்களில் பூரணத்தை மட்டுமே குறிக்கும். மாவைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

தாவரக் கொழுப்பில் செய்பவர்கள் இருக்கிறார்கள். "மந்தேகா வெஹெத்தால்" என்று சொன்னால் புரியும். பத்துப் பதினைந்துக்கு மேல் சொன்னால் சில வண்டிக்காரர்களே தனியாகச் செய்து தருவார்கள், ஆனால் இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். நகரின் கோயோவாகான் பகுதியில் உள்ள தேசிய மக்கள் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் கந்தெலாரியாவை ஒட்டித் தமால் திருவிழா நடக்கும். பல மாநிலங்களிலிருந்து வந்து கடை போடுவார்கள். அங்கே கேட்டுப் பார்ப்பது நல்ல வழி. அலைச்சலுக்கு நான்கு வகை தின்றது மிச்சம்.

இதே எச்சரிக்கை ஆண்டு முழுவதும் தேவைப்படும் என்பதால் மற்ற பண்டிகைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினத்தை ஒட்டிச் செப்டம்பர் 15 இரவு வரும் பொசோலே பெரும்பாலும் பன்றி இறைச்சிச் சாறு. ஆகஸ்ட், செப்டம்பரில் மாதுளை முத்துத் தூவி அழகாக வரும் சீலெஸ் என் நோகாதா என்ற அடைத்த மிளகாய்க்குள் பழங்களோடு கொத்துக்கறி இருக்கும். கிறிஸ்துமஸுக்கு வரும் ரொமெரீத்தோஸ் பார்க்கக் கீரைக் குழம்புதான், ஆனால் உள்ளே உலர்ந்த இறால் வடை மிதக்கும். கவலையில்லாமல் கை நீட்டக்கூடியவை: இறந்தோர் திருநாளின் போது வெல்லத்தில் வேகவைத்த பரங்கிக்காய், அமராந்த் (தண்டுக்கீரை இன விதை) பொரியை வெல்லப் பாகில் கட்டிய அலெக்ரியா, அசல் கடலை மிட்டாயான பலான்கேத்தா. டிசம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் போசாதா விருந்துகளில் தரும் சூடான போன்சேயும் அப்படித்தான். கரும்பு, கொய்யா, புளி, வெல்லம் எல்லாம் அதில் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் மிடறில் ஊர் நினைவு வந்துவிடும். "கோன் பிகேத்தே?" என்று கேட்டால் மட்டும் யோசியுங்கள், மது ஊற்றட்டுமா என்று அதற்குப் பொருள்.

5. முன்பதிவு, முன்பணம், ரசீது

ஜனவரி 20-க்குள் சொல்லிவிடுங்கள். நான் 30-ஆம் தேதி கேட்கப் போனபோது மூன்று இடங்களில் "யா நோ ஐ" என்றார்கள், இனி இல்லை என்று. கடைசியில் 2-ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்குக் குளிரில் வரிசையில் நின்று 40 தமால்தான் கிடைத்தது. அதுவும் எல்லாம் மோலே. அன்று ஆளுக்கு ஒன்றே கால் தமால் பரிமாறிய பெருமை எனக்கு உண்டு.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார்கள். அதற்கு அந்தீசிப்போ என்று பெயர். கேட்பது நியாயம்தான், கொடுங்கள். ஆனால் நோத்தா என்ற கைச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். சீட்டில் எத்தனை, எந்தெந்த வகை எத்தனை, தேதி, நேரம், கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பது எல்லாம் இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு ஓரிடத்தில் 70 சொல்லிவிட்டுச் சீட்டு வாங்காமல் வந்தேன். 60 வந்தது. "நீங்கள் சொன்னது 60-தான்" என்றார்கள். என் ஸ்பானிய மொழியில் அறுபதும் எழுபதும் எப்போதும் தடுமாறும் என்பதால் எனக்கே சந்தேகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். எண்ணை வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டுங்கள்.

வங்கி வழியாக அனுப்பச் சொன்னால் 18 இலக்க எண் ஒன்றைத் தருவார்கள்; அது கிளாபே என்ற வங்கிக் கணக்கு எண். பணம் அனுப்பிய திரையைப் படமெடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள், சீட்டின் படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனமே செலவை ஏற்கும் என்றால் கைச்சீட்டு செல்லாது. ஃபக்தூரா என்ற மின்னணு வரி ரசீது கேட்பார்கள். அதற்கு நிறுவனத்தின் ஆர்.எஃப்.சி. என்ற வரிப் பதிவு எண், வரித்துறைச் சான்றில் உள்ளபடியே பெயர், அஞ்சல் குறியீடு, வரிப் பிரிவு, செலவு எதற்கு என்ற பயன்பாட்டுக் குறியீடு ஆகிய ஐந்தும் வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அமைப்பு ஏற்காது. கணக்குப் பிரிவில் அந்தச் சான்றின் பிரதியை வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தள்ளுவண்டியில் ஃபக்தூரா கிடைக்காது, கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். கடைகளிலும் பணம் கட்டிய அதே மாதத்துக்குள் கேட்டால்தான் பெரும்பாலும் தருவார்கள். ஜனவரியில் முன்பணம், பிப்ரவரியில் பாக்கி என்று பிரிந்தால் குழப்பம்தான், ஆகவே இரண்டுக்கும் எப்படி ரசீது தருவீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு முறை அழைத்து உறுதி செய்யுங்கள். இதைச் செய்வதில் கூச்சமே வேண்டாம். செய்யாவிட்டால்தான் அவர்கள் சந்தேகப்படுவார்கள்.

6. வீட்டிலேயே செய்வதென்றால்

பத்துப் பேருக்குள் என்றால் செய்யலாம். முப்பது பேருக்குத் தனி ஆளாக முயலாதீர்கள்.

மாவு: ஆலைக்கு மோலினோ என்று பெயர். அங்கே போய் "மாசா பாரா தமாலெஸ்" என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் மாசா என்றால் தோர்த்தியா என்ற ரொட்டிக்கான நைஸ் மாவைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் செய்த தமால் எனக்கு ரப்பர்போல வந்தது. தமால் மாவு சற்றுக் கொரகொரப்பாக, ரவை பதத்தில் இருக்கும். அடுத்து "ப்ரெபராதா?" என்று கேட்பார்கள். கொழுப்பும் உப்பும் சேர்த்துத் தயாராக வைத்ததா என்று பொருள். சைவம் என்றால் "சின் ப்ரெபரார்" என்று சொல்லித் தனிமாவாக வாங்குங்கள். ஆலை அருகில் இல்லாவிட்டால் பெரிய கடைகளில் மாசேகா போன்ற பொடிகள் கிடைக்கும். உறையில் தமாலுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ பொடி ஏறக்குறைய இரண்டு கிலோ பச்சை மாவுக்குச் சமம். பச்சை மாவை அன்றே பயன்படுத்துங்கள், மறுநாள் புளித்துவிடும். இட்லிக்கு நல்லதாயிற்றே என்று நினைக்காதீர்கள், இதற்கு ஆகாது.

அளவு: ஒரு கிலோ பச்சை மாவுக்கு 400 கிராம் கொழுப்பு, ஒரு கோப்பையிலிருந்து ஒன்றரைக் கோப்பை வரை வெதுவெதுப்பான சாறு, ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. சுமார் இருபது தமால் வரும். சைவத்துக்குத் தாவரக் கொழுப்பும், காய்கறி வேகவைத்த நீரும். நான் பாதித் தாவரக் கொழுப்பும் பாதி வெண்ணெயும் போடுகிறேன்.

அடிப்பது: முதலில் கொழுப்பைத் தனியாக, வெளுத்து நுரைக்கும்வரை பத்து நிமிடம் அடியுங்கள். பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சாறு விட்டு, மேலும் கால் மணி நேரம். போதுமா என்று பார்க்க ஒரு தம்ளர் குளிர்ந்த நீரில் சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் அடியுங்கள். உளுந்து மாவைக் கிள்ளி நீரில் போட்டுப் பார்க்கும் அம்மாவின் அதே சோதனைதான். இதை ஓர் உள்ளூர்ப் பாட்டி எனக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தபோது, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

மடல்: உலர்ந்த மடல் கட்டாகக் கிடைக்கும். அகலமானவற்றைப் பார்த்து வாங்குங்கள். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துத் துணியால் ஒற்றுங்கள். மடலுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் வரிவரியாகச் சொரசொரப்பு. வழவழப்பான உட்பக்கத்தில்தான் மாவைத் தடவ வேண்டும். மாற்றித் தடவினால் வெந்தபின் மடலோடு மாவும் பிய்ந்து வரும்.

பூரணம்: சைவத்துக்குப் பொப்லானோ மிளகாய். நேரடித் தீயில் கறுக்கச் சுட்டு, பையில் போட்டு மூடிப் பத்து நிமிடம் புழுங்கவிட்டு, தோலை உரித்து, விதையை எடுத்துக் கீற்றாக நறுக்குங்கள். கத்தரிக்காய் சுட்டுத் தொகையல் அரைக்கும் கைக்கு இது பழகிய வேலைதான். கூட ஒரு துண்டு ஓவாஹாக்கா பாலாடைக்கட்டி, எபாசோத்தே என்ற வாசனைக் கீரையின் ஓர் இலை. பூரணத்தில் ஈரம் கூடினால் மாவு வேகாது. சாந்தைக் கெட்டியாகச் சுண்டவையுங்கள்.

வேகவைப்பது: தமாலேரா என்ற உயரமான ஆவிப் பானை வேண்டும். இதற்காக வாங்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். தட்டுக்குக் கீழே நீர் ஊற்றும்போது ஒரு காசையும் போடுங்கள். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் நீர் வற்றிவிட்டது, வெந்நீர் ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றினால் ஆவி அடங்கிவிடும். தமாலைத் திறந்த வாய் மேலாக நிற்கவைத்து, மேலே மிச்ச மடல்களைப் பரப்பி, துணி போட்டு மூடுங்கள்.

நேரம்: பொதுவான சமையல் குறிப்புகள் ஒரு மணி நேரம் என்னும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆவி வரத் தொடங்கியதிலிருந்து ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம் கணக்கிடுங்கள். ஒன்றை எடுத்துப் பாருங்கள். மடல் மாவில் ஒட்டாமல் கழன்று வந்தால் வெந்துவிட்டது. எடுத்த உடனே தொட்டால் மாவு குழைவாக, வேகாததுபோல் இருக்கும். பதறாதீர்கள். அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் விட்டால் இறுகும். இது தெரியாமல் முதல் முறை நான் மேலும் முக்கால் மணி நேரம் வேகவைத்து எல்லாவற்றையும் கெடுத்தேன்.

தமால் வேகும்போது வீட்டில் யாரும் கோபப்படக்கூடாது, சண்டை போட்டால் வேகாது என்று இங்கே ஒரு நம்பிக்கை. பரிகாரமாக மடலைக் கிழித்துப் பானையின் காதுகளில் முடிச்சாகக் கட்டுவார்கள். பானைக்கு முன்னால் ஆடுபவர்களும் உண்டு. நான் முடிச்சு மட்டும் கட்டினேன். என் கணவரையும் வெளியே அனுப்பிவிட்டேன்.

7. அன்று காலை

கடையிலிருந்து வருகிறதென்றால் எட்டரை மணிக்கு வரச் சொல்லுங்கள், விருந்து ஒன்பதரைக்கு. இந்த ஒரு மணி நேரம் வேண்டும், ஏனென்றால் கட்டடக் காவலர் விடமாட்டார். கொண்டுவருபவர் பெயரை முந்தைய நாளே வரவேற்பில் எழுதிக் கொடுங்கள், அடையாள அட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அதோலேயைச் சூடு காக்கும் பெரிய கலத்தில் கொண்டுவருவார்கள். அந்தக் கலத்தை மாலைக்குள் திருப்ப வேண்டும். யார் கொண்டுபோவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வந்ததும் எண்ணுங்கள், சீட்டை வைத்துக்கொண்டு, கொண்டுவந்தவர் நிற்கும்போதே. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். எந்த வகைக்கு எந்த அடையாளம் என்று கேட்டு, சைவத்தைத் தனிப் பெட்டியில், தனி மேசையில் வையுங்கள், மேலே பெரிதாக எழுதி. அதை முதலில் அசைவக்காரர்கள்தான் காலி செய்வார்கள். தேவைப்படுபவர்களுக்கு ஆளுக்கு இரண்டை முன்பே எடுத்து ஒளித்துவிடுங்கள். மடல் போட ஒரு பெரிய குப்பைப் பை. எழுபத்தைந்து தமாலின் மடல் எவ்வளவு குவியும் என்று பார்த்தால்தான் தெரியும்.

8. மிஞ்சியது

மடலோடு குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மீண்டும் ஆவியில் வைக்கலாம். அதைவிட நல்லது, மடலோடே தோசைக்கல்லில் போட்டு மிதமான தீயில் திருப்பித் திருப்பிச் சுடுவது. மடல் கருகி, உள்ளே மாவின் ஓரம் முறுகலாகும். நாலு காசு கொடுத்து பொலீயோ ரொட்டி வாங்கி நடுவில் வைத்தால் அது குவாஹொலோத்தா, இந்த நகரத்தின் காலை உணவு. மாவுக்குள் மாவா என்று கேட்காமல் ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள்.

இரவல் பானையைக் கழுவித் துடைத்து, வெறுமையாக மட்டும் திருப்பித் தராதீர்கள். உள்ளே நான்கைந்து தமால் வைத்துக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்ததற்கு, பக்கத்து வீட்டு அம்மா ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, கொஞ்சம் யோசித்து, "உப்பு குறைவு" என்றார். அடுத்த ஆண்டு மாவு அடிக்கும் அன்று தானே வந்து உட்கார்ந்துகொண்டார்.